புது விண்டோஸ் 11 கணினியில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டு திறந்த உடனே மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய கணினியில் இருந்த சேவ் கோப்புகளையும் (ஆட்டத்தை விட்ட இடத்தைப் பதிந்து வைப்பவை) புதியதற்குக் கொண்டுவந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் அண்ணன் ஓமனில் வேலை பார்க்கிறார். கல்லூரி நாட்களில் அவர் பாதியில் விட்ட ஆட்டம் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. 2025 மே மாதம் அவர் லீவில் வருவதற்குள் புது கணினியில் அதைத் தயாராக வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விளையாட்டை நிறுவினேன், நன்றாகத் திறந்தது. பென் டிரைவில் இருந்ததை டாக்குமெண்ட்ஸில் போட்டேன். அதற்குப் பிறகு திரை ஒரு நொடி கறுத்து, டெஸ்க்டாப்புக்கே திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பக்கத்துத் தெரு கடையில் காட்டினேன். கார்டில்தான் கோளாறு என்றார், மாற்றச் சொன்னார். நான் தயங்கியதும், "ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்க" என்றார். மறுநாள் போனால் மொத்த டிஸ்கையும் ஃபார்மட் செய்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. நகல் எடுத்து வைக்காதது உங்கள் தப்பு என்று சிலர் எழுதுவார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் கணினியில் கை வைக்கும் முன் ஒரு போன் செய்து கேட்பதில் என்ன குறைந்துவிடும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஃபார்மட் செய்தும் பலன் இல்லை. ஏனென்றால் அதே கோப்புறையை நான் மறுபடி பென் டிரைவிலிருந்து போட்டேன்! கோளாறு அதற்குள்தான் இருந்தது. "ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்" கோப்புறையில் .செட் (.set) என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். திரை அளவு போன்ற அமைப்புகள் அதில்தான் பதிவாகும். பழைய மானிட்டரின் கணக்கை இந்தக் கணினி ஏற்கவில்லை. அந்த ஒரு கோப்பை அழித்தேன், விளையாட்டு புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு திறந்துவிட்டது. சேவ்கள் .பி (.b) என்று முடியும் தனிக் கோப்புகள், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோருக்கும் இதே காரணம் என்று நான் சொல்லவில்லை. நான் கணக்கு எழுதுகிறவன், மென்பொருள் படித்தவன் இல்லை. மோட் (விளையாட்டை மாற்ற மற்றவர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அமைப்புகளில் ஃபிரேம் லிமிட்டரை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்று கட்டுப்படுத்துவதை, அணைக்காதீர்கள். வேகமான கணினியில் அது இல்லாவிட்டால் இயக்கக் கணக்கே குழம்பும், நீந்தினால் ஆள் நகரவே மாட்டார். சைலண்ட்பேட்ச் என்ற இலவசத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.

அண்ணன் வந்ததும் முதலில் தேடியது ஸ்கிம்மர் என்ற கடல் விமானத்தை. எங்கேயும் காணவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு பலருக்கும் அது காணாமல் போயிருக்கிறது. விண்டோஸைத் திட்டினார்கள். உண்மையில் தவறு 2005இல் கணினிக்கு வந்த விளையாட்டிலேயே இருந்தது. இதே வரிசையின் முந்தைய விளையாட்டான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்ததால் அதற்குச் சக்கர அளவு தேவைப்படவில்லை. சான் ஆண்ட்ரியாஸில் விமானமாக மாற்றியவர்கள் அந்த எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளையாட்டின் வாகனப் பட்டியலில் அதற்கு முந்தைய வரியில் உள்ள வேனின் அளவு நினைவகத்தில் அழியாமல் கிடந்தது, இத்தனை வருடம் விமானம் அதை வைத்துத்தான் ஓடியது. புதிய விண்டோஸ் அந்த இடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தியதும் கண்டபடி எண்கள் வந்து, விமானம் கணக்கில்லாத உயரத்துக்குப் போய்விட்டது. சைலண்ட்பேட்ச் ஆசிரியர்தான் இதைத் தோண்டி எடுத்துச் சரிசெய்தார். காசு வாங்காமல் இப்படி உழைப்பவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடலா என்பவர்களுக்கு: லீவு முடியும் வரை இரவில் நானும் அண்ணனும் ஒரே கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் வருகிறார்.

நீங்கள் முதலில் .பி கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, பிறகு .செட் கோப்பை அழித்துப் பாருங்கள். அப்போதும் மூடிக்கொண்டால், எந்தப் பதிப்பு, டிஸ்கா இணையத்தில் வாங்கியதா என்று கீழே எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்ப்பேன்.