அடி கொடுப்பவர் உண்மையில் அடிக்கிறாரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. ஞாயிறு காலைகளில் அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு மைதானத்தில் சிலம்பம் பழகுகிறேன். சுவடும் (காலடி வைப்பு) வீச்சும் ஓரளவு கைவந்து, இப்போது இரண்டிரண்டு பேராக நின்று பழகுகிறோம். எதிரே நிற்பவர் தலை, தோள், இடுப்பு, கால் என்று ஒரே ஒழுங்கில் அடிப்பார், நான் தடுப்பேன், பிறகு மாறிக்கொள்வோம். எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டைக் கலை பழகும் அலுவலக நண்பர் இதைப் பார்த்துவிட்டு, "இது கோலாட்டம். சண்டையில் யாரும் சொல்லிவைத்து அடிக்க மாட்டார்கள்" என்கிறார். பத்து வயது மகளின் கராத்தே வகுப்பிலும் ஒரு பிள்ளை குத்த, இன்னொரு பிள்ளை தடுக்கிறது. நாங்கள் இருவரும் நேரத்தை வீணடிக்கிறோமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. எதிரே நிற்பவர் உங்கள் தோளைக் குறிவைக்காமல், நீங்கள் கம்பை எங்கே கொண்டுவருவீர்கள் என்று தெரிந்துகொண்டு அந்தக் கம்பின்மீதே அடித்தால், அது கோலாட்டமேதான். சத்தம் நன்றாக வரும், பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். நீங்கள் தடுக்காமல் சும்மா நின்றாலும் உங்கள்மேல் படாது. பல வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. சிலம்பத்தில் மட்டுமல்ல, கராத்தேயிலும் முகத்துக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிடும் குத்தைப் பிள்ளைகள் மும்முரமாகத் தடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இது ஜோடிப் பயிற்சி என்ற முறையின் குற்றமல்ல. நண்பரின் பயிற்சிக்கூடத்தையே ஒரு மாலை போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் இரு கைகளிலும் குத்து வாங்கும் பேடு (மெத்தை) மாட்டிக்கொண்டு எண் சொல்வார். உங்கள் நண்பர் அந்த எண்ணுக்குரிய குத்தைக் குத்துவார். அதுவும் சொல்லிவைத்த ஆட்டம்தான். ஜூடோவில் உச்சிகோமி என்று ஒன்று உண்டு. எதிராளியைத் தூக்கி எறியாமல், எறிவதற்கு உள்ளே நுழையும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மல்யுத்தக் கோதாக்களிலும் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய பிறகே முழு பலத்தோடு மல்லுக்கட்டுவார்கள். ஒத்துழைக்கும் ஓர் ஆளை எதிரே நிறுத்திப் பழகாத சண்டைக் கலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் அறிகுறி, அதற்கு ஒரே ஒரு பதில் என்று இருந்தால், கண்ணில் பட்டதும் கை அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 வினாடி பிடிக்கும். வரக்கூடிய அடிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த நேரமும் நீளும். இதை வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் 1952இல் அளந்து எழுதினார். புதிதாக வந்தவரை நேராக முழுச் சண்டையில் இறக்கினால் எந்தப் பக்கம், எந்த உயரம், எப்போது என்று எல்லாமே ஒரே நேரத்தில் கேள்வியாகிவிடும். அவர் கண்ணை மூடுவார், முகத்தைத் திருப்புவார், பின்னால் ஓடுவார். அப்படிப் பழகினால் அந்தப் பழக்கம்தான் உடம்பில் ஏறும். எனவே கேள்விகளைக் குறைத்து ஆரம்பிக்கிறோம்.

அப்படிக் குறைத்த கேள்விகளைத் திரும்பக் கூட்ட வேண்டும். பிழை நடப்பது இங்கேதான். கராத்தேயில் இதற்குத் தெளிவான வரிசை உண்டு. கோஹோன் குமிதே என்ற ஜோடிப் பயிற்சியில் ஐந்து காலடி முன்னேறி ஐந்து குத்து, சன்போனில் மூன்று, இப்போனில் ஒன்று. இவற்றில் என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரியும். அடுத்தது ஜியூ இப்போன்: இருவரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், குத்துபவர் எங்கே குத்துவேன் என்று சொல்வார், எப்போது என்று சொல்லமாட்டார். அதற்குப் பிறகுதான் கட்டற்ற சண்டை. பெரும்பாலான வகுப்புகள் பெல்ட் தேர்வுக்கு இப்போன் போதும் என்று அங்கேயே கூடாரம் போட்டுவிடுகின்றன. உங்கள் சிலம்ப வகுப்பும் இதே இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

மாறாத ஒழுங்கில் பழகும்போது நாம் வேகமாகத் தேறுவதுபோலத் தோன்றும். அது ஏமாற்று. ஷியா, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கையால் சிறு தடுப்புகளைத் தட்டி வீழ்த்தும் சில அசைவுகளை ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்துப் பழகியது. இன்னொரு குழு கலைத்துப்போட்டுப் பழகியது. பழகும் நேரத்தில் முதல் குழுவே முன்னால் நின்றது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். தலை, தோள், இடுப்பு, கால் என்ற ஒழுங்கு கைவந்த பிறகும் அதே ஒழுங்கில் சுற்றிக்கொண்டிருப்பது மனத்துக்குச் சுகம், அவ்வளவுதான்.

இனி, அடி கொடுப்பவரைப் பற்றி. ஜோடிப் பயிற்சியின் உயிர் தடுப்பவரிடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஜப்பானின் பழைய வாள் மரபுகளில் இருவராகச் செய்யும் பயிற்சியில் முதலில் வெட்ட வருபவர் உச்சிதாச்சி. அந்த இடத்தில் மூத்தவர்தான் நிற்பார். கடைசியில் தோற்பவரும் அவரே. சரியான தூரத்தில், சரியான குறியில், எதிராளியின் தரத்துக்கு ஏற்ற வேகத்தில் உண்மையான வெட்டைக் கொடுப்பது தடுப்பதைவிடக் கடினம். அதனால்தான் அந்தப் பொறுப்பு மூத்தவருக்கு. நம் வகுப்புகளிலோ நேற்றுச் சேர்ந்த இருவரை எதிரெதிரே நிறுத்திவிட்டு ஆசான் கைபேசியை எடுத்துக்கொள்கிறார். (எல்லா ஆசான்களும் அல்லர், உங்கள் ஆசானை நான் பார்த்ததும் இல்லை.)

அடுத்த ஞாயிறு ஒரு சோதனை செய்யுங்கள். எதிரே நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கால்வாசி வேகத்தில் தோளுக்கு அடிக்கச் சொல்லுங்கள். தடுக்காதீர்கள். கம்பு உங்கள் தோளில் வந்து மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். தோளுக்கு முன்னாலேயே காற்றில் கடந்துபோனால், இதுவரை நீங்கள் பழகிய தூரம் பொய். இருவரும் அரை அடி நெருங்கி நின்று புதிதாகத் தொடங்குங்கள். தலைக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

தூரம் சரியானதும் நேரத்தை அவிழ்த்துவிடுங்கள். அடி அதுவே, ஆனால் அவர் விரும்பும்போது வரட்டும். எண்ணிக்கை சொல்லும் குரல் வேண்டாம், ஏனென்றால் குரலைக் கேட்டுத் தடுப்பவருக்கு எதிராளியின் தோளும் காலும் கண்ணில் படுவதே இல்லை. அது பழகியதும் தோளா, காலா என்று இரண்டில் ஒன்று. பிறகு, தடுத்தவுடன் சிலைபோல நிற்காமல் இரண்டாவது அடி கொடுக்கவும் அவருக்கு உரிமை தாருங்கள். உங்கள் முதல் தடுப்பு எவ்வளவு அகலமாக விலகிப்போகிறது என்பது அந்த இரண்டாவது அடியில்தான் தெரியும்.

இவ்வளவு செய்தாலும் ஜோடிப் பயிற்சி தராதவை உண்டு. மூச்சு வாங்கும்போது வரும் குழப்பம், பயம், நம்மை ஏமாற்ற நினைக்கும் ஆளின் எதிர்ப்பு ஆகியவை, சொல்லிவைக்காமல் ஒருவரையொருவர் கம்பால் தொட முயலும் தொடுமுறை ஆட்டத்தில்தான் கிடைக்கும். நண்பரின் மறுபாதி நியாயம் அது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் மென்மையான தொடுமுறை இருந்தால் உங்கள் நிலைக்குப் போதும். கண்ணுக்குக் காப்பு, கைக்கு உறை இல்லாமல் இறங்காதீர்கள்; கம்பாட்டத்தில் முதலில் அடிபடுவது விரல் முட்டிகள், பெரிய ஆபத்து கண்.

அதற்காக ஜோடிப் பயிற்சியைக் கைவிட்டு ஆட்டம் மட்டும் போதும் என்றும் போகாதீர்கள். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, கட்டற்ற மல்லான ரந்தோரியையும், முன்பே தீர்மானித்த ஜோடிப் பயிற்சியான கதாவையும் சேர்த்தே வைத்தார். குத்து, உதை போன்றவை ரந்தோரியில் இல்லை. அவற்றைக் கதாவில் காப்பாற்றினார். முழு வேகத்தில் விளையாடினால் ஆளை முடமாக்கக்கூடியவற்றைப் பழக வேறு வழி கிடையாது.

தெருச் சண்டைக்கு இது உதவுமா என்பதும் உங்கள் மனத்தில் இருக்கும். ஆளுயரக் கம்போடு யாரும் அலுவலகம் போவதில்லை. தூரம் பார்க்கும் கண்ணும், அடி வரும்போது இமை மூடாத பழக்கமும் கம்பில்லாமலும் கூட வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆசானிடம் இதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். "ஆசானே, எனக்கு ஒரு சுற்று நீங்களே அடி கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஆசானுக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. "இன்னும் காலம் வரவில்லை" என்றால், எதைத் திருத்தினால் வரும் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லாமல் மாதங்கள் ஓடினால் வேறு இடம் பார்க்கலாம்.

மகளைப் பொறுத்தவரை, பத்து வயதுக்கு அவள் வகுப்பில் செய்வது சரியான பயிற்சிதான். குத்தும் பிள்ளையின் கை மார்புவரை எட்டுகிறதா, அவளைவிட மிகப் பெரிய பிள்ளையோடு நிறுத்துகிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். தலையில் அடிபடும் ஆட்டம் இந்த வயதில் வேண்டாம். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்று ஆசிரியர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.