ஆய்விதழ்களைப் பார்த்து வரலாற்று ஆய்வின் போக்கு மாறுவதைச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் புதிய இதழை மட்டும் புரட்டினால் ஒன்றும் பிடிபடாது, ஒரே சான்றை வைத்துக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை என்ன கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

நமக்குச் சோழர் கல்வெட்டே போதும். 1900ஐ ஒட்டிய எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழை எடுத்தால் கீல்ஹார்ன் என்ற ஜெர்மன் அறிஞர் திதி, நட்சத்திரம், கிழமை மூன்றையும் வைத்து எந்த அரசன் எந்த ஆண்டு பட்டமேறினான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கல்வெட்டில் நிலம் விற்றவன், வாங்கியவன் எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் அவருக்கு வேண்டியது தேதிதான். அதையும் குறை சொல்ல மாட்டேன், அந்த வேலை முடியாமல் அடுத்தது ஓடாது.

அப்புறம் 1963இல் இங்கே தில்லியில் 'இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ' தொடங்குகிறது. பெயரிலேயே ராஜா இல்லை. 1966இல் அதில் ஜப்பானிய வரலாற்றாளர் நொபோரு கராஷிமா திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களை எடுத்து எழுதினார். அல்லூரில் நிலம் ஊராருக்குப் பொது, பிரம்மதேயமான, அதாவது பிராமணருக்குக் கொடையாகக் கொடுத்த ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆள் பேரில். அரசன் யார் என்பது அங்கே காலத்தைக் குறிக்க மட்டும்தான். பின்னால் லெஸ்லி ஓர் (Leslie Orr) என்ற ஆய்வாளர் அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடை கொடுத்த பெண்களைத் தேடினார்.

வெளிநாட்டு இதழ்கள் அட்டையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிரான்சின் 'அன்னால்' 1929இல் பொருளாதார, சமூக வரலாறு என்று பெயர் வைத்துத் தொடங்கி, 1946இலும் 1994இலும் பெயரை மாற்றியது. இங்கிலாந்தின் 'ஹிஸ்டரி வொர்க்ஷாப்' 1976இல் 'சோஷலிச வரலாற்றாளர்களின் இதழ்' என்று போட்டு, 1982இல் 'பெண்ணிய' என்பதையும் சேர்த்து, 1995இல் இரண்டையுமே எடுத்துவிட்டது. 1989இல் கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்த பிறகு உலக அரசியல் மாறியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கட்டுரை எழுதி, மதிப்பீட்டாளரிடம் போய், திருத்தி, அச்சாகி வருவதற்குள் சாதாரணமாக ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும், அதனால் இதழில் தெரிவது கொஞ்சம் பழைய போக்கு. தில்லி முனிர்க்காவில் அறையெடுத்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கட்டுரைகளை விட்டுவிட்டு முதலில் கடைசிப் பக்கங்களின் நூல் மதிப்புரைகளைப் படியுங்கள், அங்கேதான் சண்டை வெளிப்படையாக நடக்கும்.