அம்மாவுக்கு ஓர் அரண்மனை இரவு

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் சிங்கம்பட்டி ராஜாவை ராஜ உடையில் பார்த்ததை இன்றும் சொல்வார். அவரை ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனை ஹோட்டலில் ஒரு நாள் தங்க வைக்க ஆசை. அத்தனை செலவுக்குத் தகுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தகும். யோசிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மாவை நான் அங்கே அழைத்துப் போனேன். வாசலில் காரை விட்டு இறங்கியதும் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். மேலே போய்ச் சேரும்வரை அம்மா என் கையை விடவே இல்லை.

குன்றின் மேல் 1893-இல் கட்டி முடித்த மாளிகை அது. முதலில் ஹைதராபாத்தின் பைகா என்ற பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த விகார் உல் உம்ராவின் வீடு, பிறகு ஹைதராபாத் மன்னரான நிஜாமுக்குப் போனது. வெகுகாலம் பூட்டியே கிடந்து, சுமார் பத்தாண்டு பழுதுபார்த்தபின் 2010-இல் ஹோட்டலானது. 101 பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையைக் கட்டாயம் காட்டுங்கள். நம் ஊர்ப் பந்தியில்கூட ஒரே வரிசையில் அத்தனை இலை விழாது!

ஒரே ஒரு இரவு போதும். ஆனால் மதியமே போய்விடுங்கள். இருட்டிய பிறகு போனால் பாதி அழகு போய்விடும். முழங்கால் வலி இருந்தால், அதிகம் படியேறாத அறையாகப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். அப்புறம், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சின்ன டப்பாவில் இருக்கட்டும். என் அம்மா இரவில் தயிர்சாதத்துக்கு அதைத்தான் தேடினார்.