தினசரி மன அழுத்தம் உடலை என்ன செய்கிறது?

"சின்னச் சின்னக் கவலைகள்தானே, உடலைக் கெடுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகக் கெடுக்கும். பதற்றம் வந்ததும் சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பாம்பைக் கண்டு ஓட இது வேண்டும். கடன் தவணையை ஓடித் தீர்க்க முடியாதே! நாள்தோறும் நீடித்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் உயரும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும்.

நான் முதலில் சொல்வது மூச்சைத்தான். 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. 5 நிமிடம் போதும். மாலையில் நடங்கள், இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.