தம்பி வெளிநாட்டுச் சிறையில்: யாரிடம் மனு கொடுப்பது?

கேள்வி: வேலைக்குப் போன நாட்டில் என் தம்பியைப் பிடித்து எட்டு மாதமாகிறது. விசாரணையே தொடங்கவில்லை. மனித உரிமையே தன் வெளியுறவுக் கொள்கை என்று சொல்லும் ஒரு பெரிய நாட்டின் அரசிடம் மனு சேர்த்து விடுதலை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். அது அந்த அரசு வைத்துக்கொண்ட கொள்கை. அதைக் காட்டி நீங்கள் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. மனுவை நீங்களே தபாலில் அனுப்பலாம். எண்ணெயோ ஆயுத ஒப்பந்தமோ குறுக்கே வந்தால் அது அலமாரியில் தூங்கும், யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும்.

முதலில் உங்கள் நாட்டுத் தூதரகம். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 36ஆம் பிரிவுப்படி தூதரக அதிகாரிகள் அவரைச் சிறையில் சந்திக்கலாம். எந்தத் தேதியில் சந்தித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் ‘பார்க்கிறோம்’ பதிலே அல்ல.

அடுத்து, எதேச்சையான (சட்டப்படி நியாயமில்லாத) தடுப்புக்காவல் குறித்த ஐ.நா. பணிக்குழு. எந்த நாட்டின் மீதும் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, படிவம் இணையத்தில் இலவசம். ‘ஐ.நா. பதிவுக் கட்டணம்’ என்று எவராவது ரசீது நீட்டினால் அது மோசடி. பிடித்த தேதி, இடம், பிடித்தவர்கள் யார், பிடியாணை காட்டினார்களா, எந்தச் சட்டப்பிரிவு, நீதிபதி முன் எப்போது நிறுத்தினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் ‘இந்த மாதம், இரண்டாம் வாரம்’ போதும். ஊகித்துப் போட்ட ஒரு தேதி தவறானால், தம்பியைப் பிடித்து வைத்திருக்கும் அரசு அதைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் பொய்யாக்கும். பதில் சொல்ல அரசுக்கு 60 நாள். உயிருக்கு ஆபத்தென்றால் அவசர முறையீடும் உண்டு.

எல்லா நீதிமன்றமும் ஏறி இறங்கிய பிறகே ஐ.நா.வுக்குப் போகலாம் என்று தரகர்கள் பயமுறுத்துவார்கள். பணிக்குழுவுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அது இருப்பது ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு. அதுவும் தனிநபர் முறையீட்டு நெறிமுறையை ஏற்ற நாடுகள் மீது மட்டும். அங்கேகூட, வழக்கு நியாயமின்றி இழுத்தடிக்கப்பட்டால் விலக்கு உண்டு. ஆனால் ‘மேல்முறையீடு செய்து என்ன பயன்’ என்று நீங்களே விட்டுவிட்டது விலக்காகாது. மனுப் போட்ட தேதி, ஒவ்வொரு வாய்தாத் தேதி, நகல்: இவைதான் இழுத்தடிப்புக்குச் சாட்சி.

பணிக்குழுவின் கருத்துரை, அதாவது தடுப்புக்காவல் எதேச்சையானதா என்ற அதன் முடிவு, தம்பியின் பெயரோடு வெளியாகலாம். அவர் சம்மதத்தை முன்பே வாங்குங்கள். கருத்துரையால் சிறைக்கதவு தானாகத் திறக்காது. கையில் கிடைத்ததும் அதை இணைத்து அந்தப் பெரிய நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு மறுபடி எழுதுங்கள். வெறுங்கடிதத்தை ஒதுக்கியது போல இதை எளிதில் ஒதுக்க முடியாது.