உளவியலோடு குற்றவியல் நீதி மைனர் எடுக்கலாமா?

உளவியல் மேஜரோடு (முதன்மைப் பாடம்) குற்றவியல் நீதியை மைனராக (துணைப் பாடம்) எடுத்தால், சிறைக்குப் பதில் நீதிமன்றக் கண்காணிப்பில் வெளியே இருப்பவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர் (probation officer) வேலைக்கு உதவுமா, வீண் சுமையா என்று கேட்டிருந்தீர்கள். எடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மைனர் என்பது பெரும்பாலும் 15 முதல் 18 கிரெடிட், அதாவது ஐந்தாறு பாடங்கள்தான். அந்த வேலைக்குப் பல மாநிலங்களில் உளவியல் பட்டமே போதும். மைனர் இல்லையென்று யாரும் உங்களை ஒதுக்கப் போவதில்லை.

அப்புறம் எதற்கு? பாடத்துக்காக. காவல்துறை, நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை உளவியல் வகுப்பில் சொல்லித் தர மாட்டார்கள். குற்ற நடைமுறைச் சட்டப் பாடம் கிடைத்தால் விடாதீர்கள். கைதானவரிடம் காவலில் வைத்து விசாரிக்கும் முன் அவருடைய உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்ற 1966 மிராண்டா தீர்ப்பு, வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்ற 1963 கிடியன் தீர்ப்பு எல்லாம் அதில்தான் வரும். (எனக்குப் பிடித்த வகுப்பும் அதுதான், மதிப்பெண் மட்டும் சுமார்.) உங்கள் இலக்குக்குக் காவல் பணி பற்றிய பாடத்தைவிடச் சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு பற்றிய சீர்திருத்தத் துறைப் (corrections) பாடமே பொருத்தம்.

சேரும் முன் ஆலோசகரிடம் ஒன்று கேளுங்கள்: உளவியலில் முடித்த புள்ளியியலை மைனருக்கும் கணக்கில் எடுப்பார்களா? சில இடங்களில் எடுப்பார்கள், ஒரு பாடம் மிச்சம்.