பழைய ரோமானியக் கோவில் ஒன்றின் இடிபாடுகளை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அங்கே உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

பார்த்திருக்கிறேன். லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கும் பால்பெக். போனது 2019 ஏப்ரலில். என்னை யோசிக்க வைத்தது கோவிலைவிட, அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கிடக்கும் கல் குவாரிதான். ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

நான் வளைகுடாவில் லிஃப்டிங் சூப்பர்வைசர். கிரேன் எதைத் தூக்கலாம், எவ்வளவு தள்ளி வைக்கலாம், சுமையைக் கட்டும் ஸ்லிங் கயிறு எந்தக் கோணத்தில் போக வேண்டும், இதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. அதனால் எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும் அழகு கண்ணில் படுவதற்கு முன் "இதை எப்படி ஏத்தினான்?" என்று மனசு கேட்டுவிடும். சுற்றுலா போன இடத்தில் இப்படிக் கேட்டுக் கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இந்த முறை வீட்டம்மா வரவில்லை. எங்கள் சைட்டில் ரிக்கராக, அதாவது கிரேனில் சுமையைக் கட்டிவிடுபவனாக, இருந்த தூத்துக்குடித் தம்பி ஒருவன் கூட வந்தான். பேச்சுத் துணைக்குப் பொருத்தமான ஆள்.

பெய்ரூட்டிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். வேனில் மலை ஏறி, கணவாயைத் தாண்டி, மறுபக்கம் பெக்காவில் இறங்க வேண்டும். வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள். பால்பெக் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வளைகுடா வெயிலில் போடும் அரைக்கைச் சட்டையோடு இறங்கினோம். காற்று எலும்புக்குள் போனது. வாசலில் டீ-ஷர்ட் விற்பவரிடம் ஆளுக்கு ஒரு சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் உள்ளேயே போனோம்.

ரோமானியர்கள் இந்த ஊரை ஹீலியோபோலிஸ், அதாவது சூரியனின் நகரம், என்றார்கள். படி ஏறினால் ஒரு அறுகோண முற்றம், அதைத் தாண்டி ஒரு பெரிய முற்றம், அதற்கும் பின்னால் உயரத்தில் ரோமானியர்களின் தலைமைத் தெய்வமான ஜூபிடரின் கோவில். முற்றங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசையில்லை. ஒன்று மட்டும்: அங்கே நின்ற ரோஜா நிறக் கிரானைட் தூண்கள் எகிப்தின் அஸ்வானிலிருந்து வந்தவை. நைல் நதியில் இறக்கி, கப்பலில் கடல் தாண்டி, அப்புறம் நாங்கள் வேனில் வாந்தி வராமல் கஷ்டப்பட்டு ஏறிய அதே மலைத்தொடரின் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஜூபிடர் கோவிலில் முதலில் 54 தூண்கள். இப்போது நிற்பவை ஆறு. அடியும் தலையும் சேர்த்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர். 1759-ல் வந்த நிலநடுக்கம் வரை ஒன்பது நின்றதாம். லெபனான் என்று தேடினால் முதலில் வரும் படம் இந்த ஆறு தூண்கள்தான். படத்தில் பார்க்கும்போது வராத பயம் ஒன்று, அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வரும். ஆறு தூண்களின் தலைக்கு மேலே குறுக்கே கற்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குறுக்குக் கற்கள் 60 டன் வரை எடை. மூலைக் கற்களோ 100 டன்னுக்கும் மேல்.

இங்கே கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் உள்ளே நின்று மிதித்துச் சுற்றும் சக்கரம் வைத்த ரோமானியக் கிரேன் தூக்குவது சுமார் 6 டன். அதற்கு மேல் போனால் கிரேன் உதவாது. மரத்தில் கோபுரம் கட்டி, சுற்றிலும் தரையில் செங்குத்து உருளைகளை நட்டு, ஒவ்வொன்றையும் ஆட்கள் தடி பிடித்துச் சுற்ற, கயிறுகள் எல்லாம் ஒரே சீராகக் கல்லை மேலே இழுக்க வேண்டும். இதற்குச் சாட்சி கல்லிலேயே இருக்கிறது. மேல்புறத்தில் குழி வெட்டியிருப்பார்கள், வாய் குறுகி உள்ளே அகன்ற குழி. அதில் மூன்று துண்டு இரும்பை ஒவ்வொன்றாக இறக்கினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். முன்கூட்டியே வார்த்த ப்ரீகாஸ்ட் கான்கிரீட் பலகையில், கொக்கி மாட்டித் தூக்க நாங்கள் லிஃப்டிங் ஆங்கர் பதிப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். 60 டன் கல்லில் இப்படி எட்டுக் குழிகள். வகுத்துப் பாருங்கள், குழிக்கு ஏழரை டன். குழியை எண்ணினால் எத்தனை உருளைகள் வைத்து இழுத்தார்கள் என்ற கணக்கு ஓரளவு கிடைத்துவிடுகிறது.

தம்பி கேட்டது வேறு. "அண்ணே, எட்டுக் கயித்துலயும் ஒரே லோடு இருக்கான்னு எவன் பாத்தான்?"

அதுதான் சரியான கேள்வி. எட்டில் ஒரு கயிறு தொய்ந்தால் மற்ற ஏழும் அதன் பங்கைச் சுமக்கும். எங்களுக்குச் சுமையை அளக்கும் லோடு செல் இருக்கிறது, திரையில் எண் ஓடும். அங்கே கீழே நின்று குரல் கொடுத்த ஒருத்தன் இருந்திருப்பான். நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரு அடி எடுத்து வைக்க அவன் கத்தியிருப்பான். என் வேலையை அன்றைக்குப் பார்த்தவன் அவன்தான்.

மேலே இருந்து விழுந்த ஒரு துண்டைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூரை விளிம்பின் கல், நடுவே வாய் பிளந்த சிங்கத் தலை. கீழிருந்து பார்த்தவர்களுக்கு இது உள்ளங்கை அளவுதான் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்றால் ஆளைவிடப் பெரிது. கிட்டே போய்ப் பார்த்தேன். பிடரி மயிர் சுருள் சுருளாக, புருவத்தில் மடிப்பு, வாய்க்குள் துளை. மழைத்தண்ணீர் வெளியேறும் வாய் அது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு யார் புருவ மடிப்பு செதுக்கச் சொன்னார்கள்?

இந்தக் கோவிலின் காலத்தைச் சொல்வது எந்தப் பேரரசனின் கல்வெட்டும் இல்லை. ஒரு தூணின் உச்சித் துண்டில் யாரோ கிறுக்கிவைத்த தேதி. கி.பி. 60-க்கு உரியது, பேரரசன் நீரோவின் காலம். தூண்கள் அதற்குள் உச்சிவரை ஏறிவிட்டன என்பது அதை வைத்துத்தான் தெரிகிறது. எங்கள் சைட்டிலும் பயல்கள் பீம் மேல் மார்க்கரில் பேரும் தேதியும் எழுதுவார்கள். நான் திட்டி அழிக்கச் சொல்வேன். இனி சொல்ல மாட்டேன்.

கோவிலைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்தால்தான் அந்த மூன்று கற்கள். ட்ரிலித்தான் என்பார்கள். மேடைச் சுவரில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 19 மீட்டர் நீளம், 800 டன் அளவில் எடை. மூட்டு எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது. யூடியூபில் "வேற்றுக்கிரகவாசிகள் வைத்த கல்" என்று ஓடுகிறதே, அது இதுதான். எங்கள் யார்டில் இருந்த, சங்கிலிப் பட்டையில் நகரும் பெரிய கிராலர் கிரேன் 600 டன். வெளியாட்கள் அது 600 டன்னைத் தூக்கி எங்கும் வைத்துவிடும் என்று நினைப்பார்கள். சுமை முப்பது மீட்டர் தள்ளிப் போனால் அதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். அப்படியிருக்க 800 டன் என்றால் வேற்றுக்கிரகம்தான் ஞாபகம் வரும். நானும் ஐந்து நிமிடம் வாயைப் பிளந்துதான் நின்றேன்.

பதில் கல்லில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. குவாரி இருக்கும் இடம் இந்தக் கற்கள் உட்கார்ந்திருக்கும் மட்டத்தைவிடச் சற்று உயரம். ஆகவே தூக்கவே வேண்டியதில்லை. பாதையைச் சமன் செய்து, சறுக்கி இழுத்து வந்து, இடத்தில் சேர்த்தால் போதும். எட்டுநூறு மீட்டர் தூரம், மெதுவாக, ஆட்கள் தடி பிடித்துச் சுற்றும் அதே செங்குத்து உருளைகளின் பலத்தில். தூக்காமல் முடிக்க முடிகிற வேலையைத் தூக்கி முடிக்காதே என்று புதுப் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமும் அதுதான்.

பக்கத்தில் மதுவின் தெய்வமான பாக்கஸின் கோவில். இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். "சின்னக் கோவில்" என்று வழிகாட்டி சொன்னபோது நம்பிவிட்டோம். 66 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம்! சுவர்கள் அப்படியே நிற்கின்றன. வாசல் மேல் நடுக்கல் 1759 நிலநடுக்கத்தில் நழுவிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது விழாமல் 1870-களில் அடியில் ஒரு தூண் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஜெர்மானியர்கள் அதைச் சரிசெய்து அந்த முட்டுத் தூணை எடுத்துவிட்டார்கள். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1898-ல் இங்கே வந்து மயங்கிப்போனதன் விளைவு அது. 1900 முதல் 1904 வரை அவர் அனுப்பிய குழு தோண்டியது. உள்சுவரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் பேர் வெட்டியிருக்கிறார்கள், அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். ஏணி போட்டு வெட்டவில்லை. அன்றைக்கு மண்ணும் இடிபாடும் அந்த உயரம் வரை மூடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

தெற்குப் பக்கம் ஒரு தூண் சரிந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது. துண்டு துண்டாக அடுக்கிய தூண்தான். விழும்போது பிரிந்திருக்க வேண்டும். உள்ளே இரும்பு முளைகள் இறுகப் பிடித்திருப்பதால் ஒரே தடியாகச் சாய்ந்திருக்கிறது. தம்பி அதற்கு அடியில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னான். தொங்கும் சுமைக்கு அடியில் நிற்காதே என்று வருடம் முழுக்கக் கத்துகிறவன் நான். எடுக்க மறுத்துவிட்டேன்.

மதியம் ஸ்ஃபீஹா. பால்பெக் போனால் இதை விடாதீர்கள். கறிக்கடையில் கறி வாங்கினால் வெங்காயம், தக்காளி சேர்த்துக் கொத்தித் தருகிறார்கள். அதைப் பக்கத்து அடுப்புக் கடையில் கொடுத்தால் சின்னச் சின்னச் சதுர மாவில் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். ஒரு டஜன் போதும் என்று ஆரம்பித்து மூன்று டஜனில் நிறுத்தினோம்.

இப்போது போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 2024 நவம்பரில் இஸ்ரேலிய வான் தாக்குதல் கோவில் வளாகத்துக்கு மிக அருகிலேயே விழுந்தது. பக்கத்தில் இருந்த ஒட்டோமான் காலக் கட்டடம் அழிந்தது, 1874-ல் திறந்த பழைய பால்மைரா ஓட்டலும் சேதமானது. அந்த மாதமே யுனெஸ்கோ லெபனானின் 34 இடங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தகுதி கொடுத்தது, பால்பெக்கும் அதில் உண்டு. டிக்கெட் போடுவதற்கு முன் நிலவரத்தைப் பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு குவாரிக்கு நடந்தோம். ஊரின் ஓரத்தில், சாலைப் பக்கத்துப் பள்ளம். அதில் ஒரு கல் சாய்ந்து கிடக்கிறது, பாதி முளைத்து நின்றுவிட்ட மாதிரி. உள்ளூரில் அதற்குப் பேர் "கர்ப்பிணிக் கல்". பிள்ளை பெறும்வரை எனக்குச் சோறு போடுங்கள், கல்லை நகர்த்தும் வழியைச் சொல்கிறேன் என்று ஒரு கர்ப்பிணி ஊரை ஏமாற்றினாளாம். நன்றாகச் சாப்பிட்டாள், பிள்ளை பெற்றாள், வழி மட்டும் சொல்லவில்லை.

தம்பி பையிலிருந்து ஐந்து மீட்டர் டேப்பை எடுத்தான். லீவிலும் டேப் இல்லாமல் வர மாட்டான். நான்கு முறை மாற்றி மாற்றிப் பிடித்து அளந்தோம். நீளம் இருபதரை மீட்டர். அகலம் ஒரே சீராக இல்லை, சராசரி நாலரை. உயரம் நாலு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். கிட்டத்தட்ட 397 கன மீட்டர். சுண்ணாம்புக்கல் கன மீட்டருக்கு இரண்டரை டன் என்று வைத்தால் ஆயிரம் டன்னுக்குப் பக்கம். புத்தகத்தில் போட்டிருப்பதும் அதேதான். அதே குவாரியில் இன்னும் இரண்டு கிடக்கின்றன. 2014-ல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் தோண்டியபோது வெளிப்பட்டதன் எடை 1,650 டன்.

பக்கவாட்டில் உளி விழுந்த கோடுகள் வரிவரியாக இருக்கின்றன. கையை வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்து வந்து, திடீரென இடப்பக்கம் சாய ஆரம்பிக்கின்றன. ஆள் மாறியிருக்கலாம். கை மாற்றியிருக்கலாம்.

இவ்வளவு வெட்டிவிட்டு ஏன் விட்டுவிட்டார்கள் என்று தம்பி கேட்டான். ஆய்வாளர்கள் சொல்லும் காரணத்தைச் சொன்னேன்: ஒரு விளிம்பில் கல்லின் தரம் சரியில்லை, இழுத்துக்கொண்டு போகும்போது உடைந்திருக்கும்.

அவன் விளிம்பைத் தட்டிப் பார்த்தான். "அப்போ இன்ஸ்பெக்ஷன்ல ரிஜெக்ட் பண்ணிட்டானுங்க, அண்ணே. ரெண்டாயிரம் வருஷமா ரிஜெக்ட் யார்டுலயே கெடக்கு."

மாதக்கணக்கில் நூறு பேர் வெட்டிய கல்லைப் பார்த்து, அரசனோ பூசாரியோ மேலே காத்திருக்கும்போது, "இது வேண்டாம்" என்று சொன்னவன் யார்? எங்கள் சைட்டில் கயிற்றை மாட்டும் ஷேக்கிள் வளையம் ஒன்றை ரிஜெக்ட் செய்தாலே மூன்று மீட்டிங் நடக்கும். பெய்ரூட் திரும்பும் வேனில் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது முழுக்க அவனைப் பற்றித்தான்.